ஏழு நாள் என்று சொன்னேன்

டாக்டர் அறையில் ஒரு பச்சைத் திரை இருந்தது. பரிசோதனைக் கட்டிலைச் சுற்றிக் கம்பியில் மாட்டிய திரை. நான் நாற்காலியில் உட்கார்ந்தபோது, எனக்கு முன்னால் வந்த பெண் அதற்குப் பின்னால் உடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளுடைய வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மழைக்காலம் முடிந்தும் முடியாமலும் இருந்த ஒரு காலை நேரம். விசிறி மெதுவாகச் சுற்றியது. டெட்டால் வாசனை. என் செருப்பெல்லாம் ஈரம். அந்த ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது அது நான்காவது முறை.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. ஃபைலைப் பார்த்தார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"அப்டியேதான் இருக்கு டாக்டர். நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. வலது பக்கம் இடுப்புலேர்ந்து தொடை வரைக்கும் இழுக்குது. அப்புறம்..."

வளையல் சத்தம் நின்றது. திரைக்குப் பின்னால் இருந்தவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது.

"...அப்புறம் கொஞ்சம் அதிகமா போகுது."

"ஏழு நாள், மாசா மாசம் சரியா வருது," என்று டாக்டர் ஃபைலில் இருந்ததை வாசித்தார். "நார்மல்தான்மா. நாப்பத்துமூணு வயசுல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ரத்தம்தான் கம்மியா இருக்கு. கீரை சாப்புடுங்க. பேரீச்சம்பழம் சாப்புடுங்க. அந்த மாத்திரையவே இன்னும் ரெண்டு மாசம் போடுங்க."

"சரிங்க டாக்டர்," என்றேன்.

எழுந்து வந்துவிட்டேன். வெளியே பெஞ்சில் என் கணவர் அன்வர் உட்கார்ந்திருந்தார். என்ன சொன்னார்கள் என்று கண்ணாலேயே கேட்டார். "நார்மலாம்," என்றேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. ஆட்டோவில் கடற்கரைக் காற்று படுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வாய் எங்கே போச்சு?

இத்தனை வாரமாக இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு மேட்சிங் சென்டர் இருக்கிறது. புடவையோடு வந்தால் அதற்குப் பொருத்தமான ப்ளவுஸ் பிட், லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுப்போம். அன்வர் கல்லாவில் இருப்பார். கத்திரிக்கோலும் பேச்சும் என் பக்கம்.

பேசாமல் அந்த வியாபாரம் நடக்காது. வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்கிற பெண்கள் வருவார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற வீட்டு அம்மாக்கள் குடையோடு வருவார்கள். யார் வந்தாலும், "இது மயில் கழுத்துக் கலர் இல்லம்மா, ராமர் பச்சை. வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு நாளைக்கு என்னத் திட்டாதீங்க," என்று சொல்லிவிடுவேன். அவர்கள் நம்பவில்லை என்றால் புடவையையும் துணியையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கே இறங்கிவிடுவேன். ட்யூப்லைட் வெளிச்சம் பொய் சொல்லும். வெயிலில் வைத்துப் பார்த்த பிறகுதான் கத்திரி வைப்பேன். இருபது வருடமாக அதுதான் வழக்கம்.

அப்படிப்பட்டவள் டாக்டர் முன்னால் நாலு தடவையும் "சரிங்க டாக்டர்" என்றுதான் சொன்னேன். என்னை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வந்தது.

உண்மை என்னவென்றால் மாதத்தில் பாதி நாளுக்கு மேல் எனக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஏழெட்டு மாதமாக அப்படித்தான். சில நாள் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகட்டியாக விழும். பெரியவன் சென்னையில் வேலையில் இருந்தான். சின்னவள் அப்போது பிளஸ் டூ. இவள் படிப்பு முடிவதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நினைப்பேன். பயந்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

லட்சுமி கண்ணுக்குத் தப்பாது

எங்கள் கடையில் உதவிக்கு லட்சுமி இருக்கிறாள். தவளக்குப்பத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். வீட்டில் நெல்லும் மணிலா வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவள் மட்டும் தினமும் பஸ் பிடித்து டவுனுக்கு வருவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாயில் என்னைவிடப் பத்து வயது பெரியவள்.

மாடி ரேக்கிலிருந்து துணிக்கட்டை இறக்கும்போது ஒருநாள் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? ஏன் எப்பவும் கருப்பு, கரும்பச்சை, கத்திரிப்பூன்னே கட்டிகினு வரீங்க? ஊருக்கெல்லாம் கலர் எடுத்துக் குடுத்துட்டு நீங்க இப்டி வரீங்க. நானும் அஞ்சு மாசமா பாத்துகினுதான் இருக்கேன்."

"புடிச்சிருக்கு, கட்டறேன். உனக்கு இன்னா?"

"புடிச்சிலாம் இல்ல. கறை தெரியக்கூடாதுன்னு கட்டறீங்க."

அவள் துணிக்கட்டை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "டாக்டர்கிட்ட போனீங்களே, இன்னா சொன்னாங்க?"

"நார்மலாம்."

"நல்ல நார்மல்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து என்னை மாடி ஏற விடவில்லை.

பேரீச்சங்கொட்டை டப்பா

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் செய்த தப்பு அங்கிருந்துதான் வந்தது.

எங்கள் வீடுகளில் மாதவிடாய் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "தொழுகை இல்ல," என்பார்கள். அந்த நாட்களில் தொழ வேண்டாம், நோன்பு வைக்க வேண்டாம். விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. ஆனால் ரமலானில் விட்ட நோன்பை மட்டும் பிறகு எண்ணி வைத்து முடிக்க வேண்டும். அதனால் நாள் கணக்கு எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

பெரியவளான வருடம் அம்மா என் கையில் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். பிரான்ஸிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தகர டப்பா. மூடியில் பூனைப் படம். நோன்பு விடும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேரீச்சங்கொட்டையை அதில் போட வேண்டும். ரமலானுக்குப் பிறகு ஒரு நோன்பு வைத்து முடித்தால் ஒரு கொட்டையை வெளியே எடுத்துவிடலாம். என் வயதுத் தோழிகள் சிலர் நோட்டில் கோடு போடுவார்கள். எனக்குக் கொட்டைதான். இன்றைக்கும் அந்த டப்பா இருக்கிறது. பூனைக்கு முகம் தேய்ந்துவிட்டது.

எனக்கு எப்போதும் ஏழு கொட்டை. முப்பது வருடத்தில் பிள்ளை பெற்ற வருடங்கள் தவிர எட்டு ஆனதில்லை.

சரி, ஏழு நாளில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் என்ன செய்வது? அதற்கும் எங்கள் மார்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. நாங்கள் படித்த முறைப்படி, பத்து நாளைத் தாண்டிவிட்டால் ஒரு பெண் தனக்கு வழக்கமான நாட்களை மட்டும் மாதவிடாயாக வைத்துக்கொள்ள வேண்டும். மீதியெல்லாம் நோய் உதிரம். அந்த நாட்களில் குளித்துவிட்டுத் தொழலாம், நோன்பும் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு வேளைக்கும் கழுவி, துணி மாற்றி, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுகிற ஒளுவைப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். ஏழாம் நாள் குளிப்பேன். எட்டாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழுவி, மாற்றி, ஒளு செய்து, தொழுதுவிட்டு அப்படியே பாயில் சாய்ந்துகொள்வேன். எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. அந்த வருட ரமலானிலும் அப்படித்தான். டப்பாவில் ஏழு கொட்டை.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ், "பீரியட்ஸ் எத்தனை நாள்?" என்று கேட்டார். என்னைச் சுற்றி எட்டுப் பத்துப் பெண்கள். பக்கத்தில் மருந்து கம்பெனிக்காரர் ஒருவர் பையோடு நின்றிருந்தார். யோசிக்காமல் "ஏழு நாள்," என்றேன். "மாசா மாசம் வருதா?" "வருது."

நான் பொய் சொல்லவில்லை. டப்பா சொன்ன கணக்கைச் சொன்னேன். நர்ஸ் எழுதிக்கொண்டார். அதன் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, எழுதியதை வாசித்தார்கள்.

ஆலிமா கேட்ட கேள்வி

நான்காவது முறை போய்வந்த அந்த வாரமே வியாழக்கிழமை மதியம் பெண்கள் வகுப்பு. எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஹாலில் நடக்கும். பாடம் நடத்துபவள் ஆலிமா, மார்க்கக் கல்வி படித்துப் பட்டம் வாங்கியவள். இருபத்துநாலு வயதுதான் இருக்கும். என் மகனைவிட ஒரு வயது பெரியவள். அவள் முன்னால் நரைத்த தலைகள் எல்லாம் பயபக்தியாக உட்கார்ந்திருப்போம். அவளுக்கே சிரிப்பு வரும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் டீக்கு எழுந்த பிறகு நான் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஒரு சந்தேகம்மா. எனக்கு வழக்கம் ஏழு. ஆனா நிக்க மாட்டேங்குது. மீதி நாள் ஒவ்வொரு வேளைக்கும் ஒளு செஞ்சி தொழுதுகிட்டுதான் இருக்கேன். நோன்பும் வச்சேன். சரிதானே?"

"தொழுகை சரி மாமி. நோன்பு, உடம்பு முடியலன்னா விட்டுட்டு அப்புறம் வச்சிருக்கலாம். எத்தன மாசமா இப்டி?"

"ஏழெட்டு மாசம் இருக்கும்."

டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "ஏழெட்டு மாசமா? டாக்டர்கிட்ட போகலையா?"

"நாலு தடவ போயாச்சு. நார்மல்னுட்டாங்க."

"எப்டி நார்மல்னு சொல்வாங்க? எத்தன நாள் போகுதுன்னு சொன்னீங்க?"

"ஏழு நாள்னு."

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். நான் சொன்னது என் காதிலும் அப்போதுதான் விழுந்தது.

"மாமி," என்றாள் மெதுவாக, "மீதி நாளுக்கு நோய்னு சட்டமே பேர் வச்சிருக்கு. அந்த நோய வீட்லயே வச்சிட்டு ஏழு நாள மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கீங்களே."

"யா அல்லாஹ்," என்றேன். பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெக்கப்படாதீங்க மாமி. நபி காலத்துல ஒரு பொம்பள தனக்கு நிக்கலேன்னு நேரா நபிகிட்டயே போய் வாயத் தொறந்து கேட்டாங்க. அதனாலதான் இந்தச் சட்டமே நமக்குக் கெடச்சுது."

துணித்துண்டுக் காலண்டர்

மறுநாள் லட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் சொன்னால் திட்டுவாள் என்று தெரியும். திட்டினாள்.

"ஏக்கா, இவ்ளோ பெரிய கடைய நடத்தறீங்க, இதக்கூடவா சொல்லத் தெரியல? சரி விடுங்க. இப்ப போய் வாயால சொன்னா மறுபடியும் நார்மல்னுவாங்க. கையில எதுனா கொண்டு போங்க."

எதைக் கொண்டு போவது? எனக்கு நாள் கணக்கு நன்றாக நினைவிருந்தது. எந்த நாள் குளித்தேன், எந்த நாள் வரை ஒவ்வொரு வேளைக்கும் மாற்றினேன் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நிறமும் நினைவிருந்தது. நிறம் எனக்கு மறக்காது. புடவையை வீட்டில் வைத்துவிட்டு வருகிற வாடிக்கையாளருக்குக்கூடப் போன வாரம் பார்த்த நினைவில் சரியான துணியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கடைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. முடிந்துபோன இரண்டு மாதத் தாள்களைக் கிழித்து மேசையில் பரப்பினோம். லைனிங் துணிகளின் ஓரத்துண்டுகளிலிருந்து விரல்நகம் அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு தேதி மேலும் ஒரு துண்டை வைத்து ஸ்டேப்ளர் அடித்தோம். முதல் இரண்டு நாள் செங்கல். மூன்றாம் நாளிலிருந்து மாதுளை. கட்டியாக விழுந்த நாட்களுக்கு அரக்கு, அதில் இரண்டு துண்டு. பதினைந்தாம் நாளுக்கு மேல் காபிப்பொடி.

முடித்துவிட்டுப் பார்த்தோம். தாளில் வெள்ளை இடத்தைவிடத் துணிதான் அதிகமாக இருந்தது. அன்வர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

சொன்னேன். அவர் அந்த இரண்டு தாளையும் ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல," என்றார். நாளைக்கே போகலாம் என்றார்.

கிளம்பும்போது லட்சுமி ஒரு வித்தையும் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் ஊரில் ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் அலைந்து பழகிய குடும்பம் அது. "முடியாதுன்னு சொன்னாங்கன்னா, சண்ட போடாதீங்க. முடியாதுங்கறத எழுதிக் குடுங்கன்னு கேளுங்க. எங்க ஊர்ல அது ஒண்ணுதான் வேல செய்யும்."

ஐந்தாவது முறை

அதே பச்சைத் திரை. இந்த முறை அதற்குப் பின்னால் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் பேசியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டர் ஃபைலைத் திறப்பதற்குள் நான் காலண்டர் தாள்களை அதன் மேல் வைத்தேன்.

"டாக்டர், அதுல எழுதியிருக்கற ஏழு நாள் தப்பு. நான்தான் தப்பா சொன்னேன். போன மாசம் பத்தொம்பது நாள். அதுக்கு முந்தின மாசம் பதினேழு."

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"எங்க வழக்கத்துல தொழுகை இல்லாத நாளத்தான் எண்ணுவோம். நர்சம்மா கேட்டாங்க, அந்தக் கணக்கச் சொல்லிட்டேன். தப்புதான். ஆனா அதுக்கப்புறம் நாலு தடவ நீங்க அந்த ஏழ வாசிச்சீங்க. 'அதுக்கப்புறம்?'னு ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணித்துண்டுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன, துணியா?"

"எங்க கடை லைனிங். அன்னிக்கி என்ன நெறமோ அந்தத் துண்டு."

"ரெண்டு வச்சிருக்கீங்களே?"

"கட்டியா விழுந்த நாள்."

டாக்டர் பேனாவை எடுத்தார். "மூணு மாசத்துக்கு ஹார்மோன் மாத்திரை எழுதறேன். நிக்கலேன்னா கர்ப்பப்பைய எடுத்துடலாம். ரெண்டு புள்ளைங்க ஆச்சுல்ல? இனிமே அது எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்தது நல்லதுதான். வந்த பிறகுதான் என் கடை வாய் திரும்பி வந்தது.

"டாக்டர், ஒரு பொடவைக்குத் துணி வெட்டறதுக்கே நான் வெயில்ல வச்சிப் பாத்துட்டுத்தான் கத்திரி வைப்பேன். உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எடுக்கறேன்னு சொல்றீங்களே. மொதல்ல பாருங்க. பாத்துட்டு எடுக்கணும்னா எடுத்துக்கறேன், நான் வேணாம்னு சொல்லல."

"ஸ்கேன் இப்பவே தேவையில்லம்மா. மாத்திரைக்குக் கேக்குதான்னு பாத்துட்டு..."

"சரிங்க டாக்டர். அப்ப ஃபைல்ல அத எழுதிடுங்க. பத்தொம்பது நாள் போகுதுன்னு பேஷன்ட் சொன்னாங்க, ஸ்கேன் கேட்டாங்க, தேவையில்லன்னு சொன்னேன்னு. எனக்கு ஒரு காப்பி குடுங்க."

டாக்டர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஐந்து தடவையில் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தார்.

"வக்கீலுக்குப் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். ப்ளவுஸ் பிட் விக்கிறேன்."

அவர் உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. ஃபைலைப் பின்னால் புரட்டி, "ஏழு நாள்" என்று எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் என்னவோ எழுதினார். பிறகு ஸ்கேன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பத்து நாள்

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு அளவுக்கு மீறித் தடித்திருப்பது தெரிந்தது. ஓரத்தில் ஒரு சதை வளர்ச்சியும் இருந்தது. டாக்டரே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படம் போட்டு விளக்கினார். கொஞ்சம் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும் என்றார். கேன்சரா என்று கேட்டேன். "இருக்கக்கூடாதுன்னுதான் பாக்கறோம்," என்றார். மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ரிசல்ட் வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் கடைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். மகளிடம் சொல்லவில்லை, அவளுக்குப் பரீட்சை. சோற்றை வாயில் வைத்தால் இறங்காது. அன்வர் தினமும் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

"அல்லாஹ் காப்பாத்துவான், கவலப்படாத."

"காப்பாத்துவான். அதுக்குத்தான் எனக்கு வாயக் குடுத்திருக்கான். எட்டு மாசமா நான்தான் மூடி வச்சிருந்தேன்."

அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

ரிசல்ட் வந்தது. கேன்சர் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தத் தடிப்பைக் கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் அந்தப் பக்கம் திரும்ப வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். வயிற்றில் கத்தி படாமல் கீழ் வழியாகவே கருவி விட்டு அந்தச் சதையை எடுத்தார்கள். ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஹார்மோன் மாத்திரை எழுதினார். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார். கர்ப்பப்பை அது பாட்டுக்கு இருக்கிறது. அதை எடுக்க வேண்டிய நிலைமை வந்திருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன். ஏன் என்று தெரிந்துகொண்டு எடுத்திருப்பேன், அவ்வளவுதான் நான் கேட்டது.

"நல்லவேள, சரியான நேரத்துல வந்தீங்க," என்றார் டாக்டர்.

"அஞ்சு தடவ வந்தேன் டாக்டர்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

திரைக்கு இந்தப் பக்கம்

ஆறு மாதம் கழித்துப் போனபோது நான் மஞ்சள் புடவை கட்டியிருந்தேன். லட்சுமி எடுத்துக் கொடுத்தது. எலுமிச்சை மஞ்சள், அரக்கு பார்டர். அன்று காலை கண்ணாடியில் பார்த்தபோது யாரோ மாதிரி இருந்தது.

பரிசோதனை முடிந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டாக்டர் மேசைக்குப் போனார். நான் திரைக்குப் பின்னால் புடவை மடிப்பைச் சொருகிக்கொண்டிருந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர் உடுத்தி முடிப்பதற்குள் அடுத்தவரை உள்ளே விட்டுவிடுவார்கள். அது மட்டும் மாறவில்லை.

நாற்காலி இழுபட்டது. திரையின் இடுக்கில் ஒரு கறுப்புப் புர்கா தெரிந்தது. சின்னப் பெண்தான், முப்பது இருக்கலாம். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சொல்லும்மா," என்றார் டாக்டர்.

"ரொம்ப அசதியா இருக்கு டாக்டர். தல சுத்துது."

"பீரியட்ஸ் எத்தனை நாள்?"

என் வளையல் குலுங்கியது. அந்தப் பெண் சட்டென்று திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, மூச்சுகூட விடாமல் நின்றேன். கொசுவம் அவிழ்ந்து காலடியில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஏழு நாள் டாக்டர்," என்றாள் அவள்.

பேனா எழுதும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"சரிம்மா," என்றார் டாக்டர். "அதுக்கப்புறம்?"